ராஜபார்ட்டுன்னா ரோசு

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மாதா கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற அறை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆம்பிளைகள் எல்லாம் சட்டையில்லாமல் பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பவுடர் முனுசாமி ஒவ்வொருத்தரையும் தாடையில் பிடித்து நிமிர்த்தி, முகத்தில் ரோஸ் வர்ணம் அப்பிக்கொண்டே போகிறார்.

முத்துவெள்ளை, ஒரு சிட்டிகை செந்தூரம், தேங்காயெண்ணெய். உள்ளங்கையில் குழைத்து, நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒன்று, மூக்கில் ஒன்று என்று வைத்து இழுத்துவிட்டால், ராயபுரத்து ஆள் சீமைத்துரை ஆகிவிடுவான். ஆனால் கழுத்து வரைக்கும்தான் துரை. கைக்கும் காலுக்கும் பூச முனுசாமியிடம் அவ்வளவு சரக்கு கிடையாது. அங்கெல்லாம் நம்ம ஆள்தான்.

நான் பானகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். அந்தப் பெஞ்சியில் இருந்தவர்களில் இரண்டு பேர்மேல்தான் என் கண். ஒருத்தர் எங்கள் நைனா, என்னைப் பெற்ற அப்பா. இன்னொருத்தர் இஞ்ஞாசி.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வருஷக் கணக்கு எனக்குச் சரியாக வராது. மூன்றாங்கிளாஸோடு என் படிப்பு நின்றது. ஆனால் யார் என்ன சொன்னார்கள், அப்போது எந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள் என்பது ஒன்றுகூட எனக்கு மறக்காது. அதில் என்னை ஜெயிக்க இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை.

போன வாரம் இதே பத்தியில் கருவாட்டுக் கடை கதை எழுதியபோது, என் வீட்டுக்காரர் பர்மாவிலிருந்து வந்தவர் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். ராயபுரத்துப் பெண்ணை அந்தக் காலத்தில் ஊர் பேர் தெரியாத பர்மாக்காரருக்கு எப்படியம்மா கொடுத்தார்கள் என்று.

கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

குழம்பு தீய்ந்த ஞாயிறு

எங்கள் நைனா சவரிமுத்து மேஸ்திரி. கப்பலில் சாமான் இறக்குகிற ஆட்களுக்குத் தலைவர். வாரம் ஆறு நாள் துறைமுகத்தில் கத்துவார். ஏழாவது நாள் நாடக ஒத்திகையில் கத்துவார். கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் பங்கு ஆட்கள் போடுகிற நாடகத்தில் கிழட்டு ராஜா, பெண்ணின் தகப்பன், கோபக்கார நீதிபதி எல்லாம் அவர்தான். அவர் மேடையில் நின்று பேசினால் ரயிலடி வரைக்கும் கேட்கும்.

இஞ்ஞாசியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் நைனாதான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்ஞாசி நிலக்கரி இறக்குகிற கூட்டத்தில் வேலை பார்த்தார். யுத்த காலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது, அம்மாவோடு காடு மலை எல்லாம் நடந்து வந்தவர். டீக்கடையில் யாரோ கேட்க, அந்தக் கதையை அவர் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். நைனாவுக்குக் கதை என்றால் உயிர். "டீக்கடையில வாணாம் பர்மா, முழுசா கேக்கணும், நம்ம வூட்டுக்கு வா, மீன் கொழம்பு கீது" என்று இழுத்து வந்துவிட்டார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கதவு ஒருச்சாய்த்து இருந்தது.

வழியெல்லாம் அட்டைப் பூச்சியாம். காலில் ஏறினால் உப்பு வைத்தால்தான் விழுமாம். அதனால் அவருடைய அம்மா ஒரு கை உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாராம். மழையில் அது கரையாமல் இருக்க முந்தானையைத் தலைமேல் சுற்றிக்கொள்வாராம். பிள்ளை காலில் அட்டை ஏறினால் ஒரு விரல் உப்பு எடுப்பார். தன் காலில் ஏறினதற்கு எடுக்கவே மாட்டாராம். மலை இறங்குகிற இடத்தில் காய்ச்சலில் அந்த அம்மா போய்விட்டார். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் பாதி உப்பு அப்படியே இருந்ததாம்.

நைனா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அடுப்பில் மீன் குழம்பு அடிப்பிடித்து நாறியது. என் அம்மா வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அப்புறம் பல ஞாயிறு வந்தார். நைனா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார். "நம்ம பர்மா மாதிரி ஒரு தைரியசாலி இந்த ஹார்பருக்கே கெடியாது" என்று பார்ப்பவரிடம் எல்லாம் பீற்றிக்கொண்டார்.

அவரும் நானும் பேசினது மிஞ்சிப் போனால் நாலு வார்த்தை. "உப்பு போதுமா?" என்று நான் கேட்டேன். "போதும்" என்றார். மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லை. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாற்றத்தில் என்ன உள்ளூர் வெளியூர்?

பெரியவர்கள் யாரும் இல்லாததால் இஞ்ஞாசி தானே வந்து கேட்டார். சலவை செய்த சட்டை போட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

நைனா முகம் மாறிப்போனது.

"இன்னாய்யா பர்மா, சோறு போட்டா பொண்ணையும் கேப்பியா? உன் ஊரு இன்னா? உன் ஆளுங்க யாரு? நாளைக்கு ஒரு சாவுன்னா தோள் குடுக்க நாலு பேரு கீறானுங்களா உனுக்கு?"

"இல்ல மேஸ்திரி."

"அப்பறம் இன்னா? போ."

அவர் போய்விட்டார்.

உள்ளே வந்து நைனா அம்மாவிடம் கத்தினார். "அவன் கலரைப் பாத்தியாடி? அமாவாசைல நிக்க வெச்சா பல்லுதான் தெரியும். அவன் திங்கறது இன்னா தெரியுமா? நாப்பியாம். நாத்தம் கொடலைப் புடுங்குது!"

நாப்பி என்பது இறாலை உப்புப் போட்டு அரைத்துப் புளிக்கவைத்த விழுது. பர்மாவில் அது இல்லாமல் சோறு இறங்காது. எங்கள் தெருவில் கருவாடு காயாத வீடே கிடையாது. நெத்திலி காயும், திருக்கை காயும், சுறா காயும். அந்த நாற்றத்திலேதான் நாங்கள் பிறந்தோம், தூங்கினோம், கோயிலுக்குப் போனோம். அதெல்லாம் எங்கள் மூக்குக்கு நாற்றமாகப் படவில்லை. ஒரு டப்பா நாப்பிதான் குடலைப் பிடுங்கியதாம்.

நிறமும் அப்படித்தான். எங்கள் தெருவில் கறுப்பு இல்லாதவர் யார்? ஆனால் உள்ளூர்க்காரன் கறுப்பு கண்ணில் படாது. வெளியூர்க்காரன் கறுப்புதான் பளிச்சென்று தெரியும்.

அம்மா அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை.

"நீ மட்டும் பால்ல குளிச்சிப் பொறந்தியா? கப்பல்ல அந்தத் தொரை உன்னை 'பிளாக்கி, இங்க வா'ன்னு கூப்ட்டான்னு சோறு துன்னாம செவுத்தப் பாத்துப் படுத்துகினு கெடந்தியே, மறந்துட்டியா?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் இல்லாதபோது அவர் துண்டை உதறுவார்.

உடனே எனக்கு இடம் பார்த்தார்கள். திருவொற்றியூர் தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். மாநிறம். நைனா அவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் முதலில் அதைத்தான் சொல்வார், பேர்கூட அப்புறம்தான். திருவிழா முடிந்த புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

நான் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. சட்னி அரைத்துக்கொண்டே நைனாவிடம் சொன்னேன். "அவங்க வர்றப்போ நான் கூடத்துல வந்து நிக்க மாட்டேன் நைனா. அடுப்படியிலதான் இருப்பேன். வேணும்னா அவங்க அடுப்பைப் பாத்துட்டுப் போகட்டும்."

அவருக்கு என் குணம் தெரியும். அது அவரிடமிருந்து வந்ததுதானே.

வாத்தியார் கொண்டுவந்த கதை

எங்கள் நாடக வாத்தியார் ஞானப்பிரகாசம். துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. காலேஜில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். எப்போதும் புனிதர் கதைதான் போடுவோம். அந்த வருஷம் அவருக்கு என்ன தோன்றியதோ, இங்கிலீஷில் இருக்கிற பழைய நாடகம் ஒன்றைத் தமிழாக்கிக் 'கப்பல் தளபதி' என்று பேர் வைத்துக் கொண்டுவந்தார்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் கதை சொன்னார். கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பட்டணம். அவர்களுக்காகச் சண்டை போட்டு ஜெயித்துக் கொடுக்கிறவன், கடல் கடந்து வந்த ஒரு கறுத்த தளபதி. சண்டை இருக்கிறவரைக்கும் அவனைத் தலையில் வைத்து ஆடுவார்கள். ஒரு சீமான் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதை கேட்பான். அந்தக் கதையைச் சீமான் மகளும் கேட்பாள். அவனையே கட்டிக்கொள்வாள். சீமான் குதிப்பான். அப்புறம் கூட இருக்கிற ஒருத்தன் பொறாமையில் கோள் மூட்டி, மூட்டி, கடைசியில் தளபதி தன் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போவான்.

கேட்டுக்கொண்டிருந்த என் கை உரலிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதை கேட்டது வரைக்கும் எங்கள் வீட்டுக் கதை. இந்த வாத்தியாருக்கு யார் சொன்னது?

நைனாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவருக்குச் சீமான் வேஷம். சந்தோஷமாக இருந்தார். "வெள்ளைக்காரனே ஒரு கறுப்பனை ராஜபார்ட்டா வெச்சி எழுதிகிறான் பாரேன்" என்றார்.

"எப்புடிப்பட்ட கறுப்பு வாத்தியாரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"யுத்த காலத்துல கப்பல்ல வந்து எறங்கனாங்களே ஆப்பிரிக்கா சோல்ஜருங்க, அந்த மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த சோல்ஜர்களை ஞாபகம் இருந்தது. எங்கள் தெரு வழியாக நடந்து போனபோது, வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினோம். அவர்களில் ஒருத்தர் பாவம், குழாயடியில் தண்ணீர் கேட்டார். ஒருத்தரும் ஊற்றவில்லை. அவரும் யாரோ ஒரு அம்மாவுக்குப் பிள்ளைதானே என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

தளபதி வேஷத்துக்கு முதலில் பேசிவைத்த ஆள் பம்பாய் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். குரல் உள்ள ஆள் வேண்டும் என்று வாத்தியார் அலைந்தார். கரிக் கூட்டத்தில் கூடை ஏற்றும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவர் இஞ்ஞாசி. அவர் ஒரு அடி எடுத்தால், கூட்டமே சேர்ந்து வாங்கிப் பாடும். வாத்தியார் அந்தக் குரலை விடுவாரா?

நைனாவிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். நைனா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"நாடகத்துக்குன்னா வரட்டும்" என்றார். "வூட்டுக்குள்ள வாணாம்."

அப்படியே நடந்தது. ஒத்திகைக்கு இஞ்ஞாசி சந்து வழியாகப் பின்கட்டுக்கு வருவார். சந்து வழியாகவே போவார். தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்.

அவர்கள் பேசிப் பேசி நாடகம் முழுக்க எனக்கு மனப்பாடம். ஒரு நாள் நைனாவுக்கு வசனம் மறந்துவிட்டது. சீமான் தளபதியைப் பார்த்து ஆத்திரத்தோடு கேட்க வேண்டிய இடம். வாத்தியார் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நைனா திணறுகிறார். நான் அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்:

"எங்கிருந்தோ வந்தவனுக்கு என் வாசலில் என்ன வேலை?"

இஞ்ஞாசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா அந்த வசனத்தை வாங்கிச் சொல்லவில்லை. துண்டை உதறினார்.

முனுசாமி செய்த வேலை

எங்கள் பங்குச் சாமியாருக்கு இருட்டினால் நாடகம் நடக்கக்கூடாது. இருட்டில் கூட்டம் சேர்ந்தால் சண்டை வரும் என்பார். அதனால் எங்கள் நாடகம் எல்லாம் பட்டப்பகலில்தான். கோயில் மைதானத்தில் கப்பல் பலகை அடுக்கி மேடை. கிழிந்த பாய்மரத் துணி படுதா. அன்றைக்கும் மூன்று மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. தீப்பெட்டி கம்பெனிப் பையனும் அவன் தாய் தகப்பனும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா அழைத்திருந்தார்.

இப்போது முனுசாமியிடம் திரும்பி வருகிறேன்.

பெரிய நாடகக் கம்பெனிகளில் அரிதாரம் பூசி வயசானவர் அவர். அவருக்குக் கதை தேவையில்லை. "நீ யாரு, ராஜபார்ட்டா? கள்ளபார்ட்டா? ஸ்திரீபார்ட்டா?" இதைத்தான் கேட்பார். கம்பெனிச் சட்டம் அவர் தலையில் கல்வெட்டு. ராஜபார்ட்டுன்னா ரோசு. கள்ளபார்ட்டுன்னா கறுப்பு. ஸ்திரீபார்ட்டுக்கு ரோசோடு மஞ்சள்.

வாத்தியார் படுதா கட்டப் போயிருந்தார். முனுசாமி பெஞ்சியின் கடைசிக்கு வந்து இஞ்ஞாசியிடம் கேட்டார்.

"நீ?"

"தளபதி."

"தளபதின்னா ராஜபார்ட்டுதானே. மூஞ்சியக் காட்டு."

"இல்லீங்க, எனக்குப் பூச்சு வேண்டாம்னு வாத்தியாரு..."

"அட, சும்மா குந்துப்பா. பூச்சு இல்லாத ராஜபார்ட்டை எந்த ஊர்ல பாத்தே? உன் கலருக்கு ரெண்டு கோட்டு போடணும்."

இரண்டு கோட் போட்டார். எல்லாரையும்விட இஞ்ஞாசிதான் அதிக ரோஸ். கோள் மூட்டுகிற கள்ளபார்ட் வேஷம் தோமாவுக்கு. அவனுக்கு விளக்குக் கரியைக் குழைத்து அடித்துவிட்டார். தோமாவுக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியாது. எது பூசினாலும் பூசிக்கொள்வான்.

நான் ஜன்னலோரம் பானகக் குடத்தை இறக்கி வைத்தேன். ஆனால் ஆம்பிளைகள் அறைக்குள் போய்ப் பெண்பிள்ளை பேச முடியுமா? அதற்குள் மணி அடித்துப் படுதா விலகிவிட்டது.

நைனா எடுப்பாக வந்தார். பொய்த்தாடி, சீமான் அங்கி. தளபதியின் முகத்தைப் பார்க்காமலே, ஜனங்களைப் பார்த்துக் கையை ஆட்டி முழங்கினார். அது அவர் வழக்கம்.

"கரிமுகத்தவனே! நிலக்கரி நிறத்தவனே! எங்கிருந்தோ வந்தவனுக்கு என் வாசலில் என்ன வேலை?"

மைதானம் ஒரு நிமிஷம் முழித்தது. அப்புறம் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மீன்காரி ரீட்டா எழுந்து நின்றாள்.

"யோவ் மேஸ்திரி! கண்ணு அவிஞ்சி பூட்சா? உன்னவிட அவன் செவப்பா கீறான்யா! பேசாத கட்டிக்குடு!"

மைதானமே இடிந்து விழுந்த மாதிரி சிரிப்பு. "கட்டிக்குடு! கட்டிக்குடு!" என்று பையன்கள் கைதட்டினார்கள். நைனா திரும்பி இஞ்ஞாசியைப் பார்த்தார். தேர்முட்டாய் மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு முகம். நைனாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. அவரை மேடையில் வைத்து ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாத்தியார் ஓடிவந்து படுதாவை இழுத்தார்.

ஒரு துண்டும் கொஞ்சம் எண்ணெயும்

படுதாவுக்குப் பின்னால் ஒரே கூச்சல். முனுசாமி டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "ராஜபார்ட்டு மூஞ்சிய நான் கறுப்பாக்க மாட்டேன். என் குரு சத்தியம்!"

"கறுப்பாக்க வாணாம்யா, உன் ரோசைத் தொடச்சி வுடு. அடியில அவன் தளபதிதான்!" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"தொடைக்கவும் மாட்டேன்."

தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் அந்தப் பூச்சு போகும். வாத்தியார் மேடையோரம் நின்றிருந்த என்னைப் பார்த்துக் கத்தினார். நான் கோயில் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. எல்லார் கையிலும் வாள், ஈட்டி, படுதாக் கயிறு. வெளியே ஜனம் விசிலடிக்கிறது.

நைனா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். அங்கிக்குள் செருகியிருந்த துண்டை எடுத்தார். இஞ்ஞாசியைப் பெஞ்சியில் உட்கார வைத்து, இடது கையால் பின்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"மூடுடா கண்ண. எண்ணெய் எறங்கிடும்."

அந்த 'டா' எங்கள் வீட்டில் என் தம்பிகளுக்கு மட்டும் விழுகிற 'டா'.

நைனா அவசரப்படவில்லை. வெளியே விசில் கேட்டும் அவசரப்படவில்லை. நெற்றி, இமை, மூக்கோரம், காதுமடல். ரோஸ் போகப் போக, அடியிலிருந்து இஞ்ஞாசி முகம் வந்தது. ஒரு இடத்தில் நைனா கை நின்றது. கன்னத்தில், தாடைக்குப் பக்கத்தில், மிளகு அளவு வட்ட வட்டமாகத் தழும்பு.

"இது இன்னாடா?"

"அட்டை கடிச்சது, மேஸ்திரி. அம்மா போனதுக்கு அப்புறம்."

"உப்பு மிச்சம் இருந்திச்சின்னியே?"

"எடுக்க மனசு வரல."

நைனா துண்டின் சுத்தமான முனையை எடுத்து அந்த இடத்தை இன்னொரு தடவை, மெதுவாகத் துடைத்தார். அங்கே வர்ணமே இல்லை. இருந்தும் துடைத்தார். ஒட்டிக்கொண்ட ரோஸ் எல்லாம் நைனாவின் துண்டில் இருந்தது.

எங்க ஆளு

மறுபடி மணி அடித்தது. முதல் காட்சியை முதலிலிருந்து போட்டார்கள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். பட்டப்பகல் வெயில். மேடை முழுக்க ரோஸ் முகங்கள், வியர்த்து வழிகிற ரோஸ். நடுவில் ஒரே ஒரு முகம் பூச்சில்லாமல், எண்ணெய் மினுமினுப்போடு. வாத்தியார் கதைப்படி அவன்தான் அந்நியன். ஆனால் மைதானத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, மேடையில் எங்கள் ஜாடையில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் யாரோ.

நைனா அதே வசனத்தைச் சொன்னார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. குரல் ரயிலடி வரைக்கும் போகவில்லை.

"எங்கிருந்தோ வந்தவனுக்கு... என் வாசலில் என்ன வேலை?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரீட்டாதான் மறுபடியும் எழுந்தாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"உன் வாசலா? அந்த வாசலக் காப்பாத்திக் குடுத்ததே அவன்தான்யா, பெரிய மனுசா!"

"நல்லா கேளுக்கா!" என்று நாலு பக்கமும் குரல். நைனா தன் ஊரிலேயே தனியாக நின்றார்.

அப்புறம் நாடகம் தானாக ஓடியது. தோமா கோள் மூட்ட வந்தபோதெல்லாம், "தளபதி, நம்பாதய்யா! அவன் பேமானி!" என்று பெண்கள் கத்தினார்கள். கடைசியில் தளபதி தன் மனைவியின் கழுத்தில் கை வைக்கிற இடம் வந்தது. ஸ்திரீபார்ட் செபஸ்தி, வின்ச் ஓட்டுகிற ஆள், மீசையை எடுத்துவிட்டுப் படுத்திருந்தான். என் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவன்தாண்டி அவன்" என்று முணுமுணுத்தாள். "ஒருத்தரும் அவனை நம்ம ஆளுன்னு சேத்துக்கல. அதான் எவன் சொன்னாலும் நம்பிட்டான்."

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. அந்த நாடகத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் எந்த நாடகமும் சாவோடு முடியாது. செத்தவர், இருப்பவர் எல்லாரும் எழுந்து, கைகோத்து வரிசையாக நின்று மங்களம் பாட வேண்டும். ராஜபார்ட் நடுவில் நிற்பார். கழுத்து நெரிபட்ட செபஸ்தி சவுரியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். நைனா வேஷம் பாதி நாடகத்திலேயே செத்துப்போயிருந்தது. அவர் படுதா ஓரத்திலிருந்து வந்தார். கடைசியில் நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். வரிசையை விலக்கிக்கொண்டு நடுவுக்குப் போய், இஞ்ஞாசியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

மாதாவுக்கு மங்களம் பாடினார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை. கோத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகங்களில் முக்கால்வாசி ரோஸ். கையெல்லாம் கறுப்பு. எது யார் கை என்று எனக்கே தெரியவில்லை.

வாசல்

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் கலைந்தோம். நைனா பாதி வேஷத்தோடு வீட்டுக்கு நடந்தார். பின்னால் நாடகச் சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இஞ்ஞாசி. வீட்டு முன்னால் வந்ததும் அவர் வழக்கம்போலச் சந்துப் பக்கம் திரும்பினார்.

"எங்க போற?" என்றார் நைனா.

"மூட்டையைப் பின்கட்டுல..."

"நாடகம் முடிஞ்சிடுச்சி இல்ல? வாசல்லயே நிக்காத. உள்ள வா."

இஞ்ஞாசி மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றார். நைனா அம்மாவைப் பார்த்துக் கத்தினார், பழைய குரலில், ரயிலடி வரைக்கும்: "இன்னா வேடிக்கை? பையனுக்குச் சோத்தப் போடு!"

அப்புறம் குரலை இறக்கி, "அந்த நாப்பி கீப்பி இருந்தா எடுத்துகினு வாடா. இன்னாதான் அதுல கீதுன்னு பாப்போம்" என்றார்.

மறுநாள் காலையிலேயே, வர வேண்டாம் என்று சொல்லத் திருவொற்றியூருக்கு ஆள் போனது. புதன்கிழமை யாரும் வரவில்லை. அடுப்படியில் நிற்க வேண்டிய அவசியமும் எனக்கு வரவில்லை. தோள் கொடுக்க நாலு பேர் இல்லாதவர் என்றார்களே, கல்யாணத்துக்குக் கரிக் கூட்டமே வந்து நின்றது. தெருக்கோடி வரைக்கும் வரிசை.

கல்யாணத்தன்று காலையில் அழைக்காமலே பவுடர் முனுசாமி டப்பாவோடு வந்துவிட்டார். "இன்னிக்கி மாப்ளதானே ராஜபார்ட்டு? குந்துப்பா, ரெண்டே கோட்டு" என்று திறக்கப் போனார்.

நைனா குறுக்கே வந்து நின்றார்.

"முனுசாமி, அந்த டப்பாவைத் தொறந்தே, பந்தியில உனக்கு எலை கெடியாது."

நான் மணப்பெண். கோயில் படியில் நின்றபடி இதைக் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காக்கள் விடியற்காலையிலேயே என் முகத்தில் பவுடர் அப்பியிருந்தார்கள். முந்தானை நுனியை எடுத்து அதை நன்றாகத் துடைத்துவிட்டுப் படியேறினேன்.